இரவுப் பள்ளி: யாருக்குக் கூடாது, யாருக்கு வேண்டும்

'பகல் பள்ளி' என்று எவரும் சொல்வதில்லை. பள்ளி என்றால் பகலில் நடப்பது என்பது சொல்லாமலே விளங்குகிறது. பொழுது சாய்ந்தபின் நடப்பதற்கு மட்டும் 'இரவுப் பள்ளி', 'மாலை வகுப்பு' என அடைமொழி தேவைப்படுகிறது. மராத்தியில் அது 'ராத்ர ஷாளா', இந்தியில் 'ராத்ரி பாடசாலா'. அடைமொழியின்றி வழங்கும் சொல்லை இயல்பானதாகவும், அடைமொழி பெற்றதை அதிலிருந்து விலகியதாகவும் கொள்வது மொழிகளின் பொதுப்போக்கு. இந்தியக் கல்விக் கொள்கையிலும் இதே போக்கைக் காணலாம். பகுதிநேரக் கல்வி, முறைசாராக் கல்வி, மாற்றுக் கல்வி, திறந்தநிலைப் பள்ளி என்று கடந்த அறுபது ஆண்டுகளில் பல அடைமொழிகள் வந்துள்ளன. அவற்றின்கீழ்ப் படித்தவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைப்போரும் அவர்தம் பிள்ளைகளுமே.

இரவுப் பள்ளியைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. பகலில் தேநீர்க் கடையில் வேலைபார்த்து, இரவில் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறிய இளைஞரின் படம் தேர்வு முடிவு நாளன்று செய்தித்தாளில் வருகிறது. அனைவரும் பாராட்டுகின்றனர். இன்னொரு புறம், இரவுப் பள்ளி என்பது குழந்தை உழைப்பை மறைக்கும் திரை என்ற கண்டனம் எழுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை என்பது கவனிக்கப்படுவதில்லை. பதினான்கு வயது நிறையாத குழந்தைக்கு, பகல் பள்ளிக்கு மாற்றாக இரவுப் பள்ளி கூடாது. அவ்வயதைக் கடந்து உழைக்கும் ஒருவருக்கோ இரவுப் பள்ளி உரிமையாகவும் குறைவற்ற பள்ளியாகவும் கிடைக்க வேண்டும். இவ்விரு கடமைகளையும் ஒன்றாகக் குழப்பியதால் இரண்டுமே நிறைவேறாமல் போயின.

பள்ளிக்கும் ஓய்வுக்கும் உள்ள உறவு பழையது. ஆங்கிலத்தின் 'ஸ்கூல்' என்னும் சொல் இலத்தீன் 'ஸ்கோலா' வழியாகக் கிரேக்க 'ஸ்கோலே'யிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. உழைப்பிலிருந்து விடுபட்ட நேரம் உடையவர்களே கூடிக் கற்க முடிந்தது; அந்நேரத்தை அவர்களுக்கு ஈட்டித் தந்தவர்கள் பிறர். தமிழில் 'பள்ளி'க்குப் படுக்கை, துயிலிடம் என்னும் பொருள்கள் உண்டு. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்கள் பள்ளி எனப்பட்டன. அங்குக் கல்வியும் நடந்தமையால் கற்குமிடத்துக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரவில் படிக்கும் தொழிலாளிக்கு இவ்விரு பொருள்களும் ஒரே நேரத்தில் எதிர்ப்படுகின்றன. எட்டரை மணிக்குக் கரும்பலகையில் இயற்கணிதம் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய உடல் கேட்பது பழைய பொருளிலான பள்ளியை.

இந்தியாவில் உழைப்போர்க்கான இரவுக் கல்வியைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்கத்தக்கவர்கள் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அவ்விணையர், பகலெல்லாம் உழைத்தவர்களுக்காக 1855இல் இரவுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின், 1882இல், ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் அளித்த அறிக்கையில் குறைந்தது பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோரினார். உழவர்களிடமிருந்து திரட்டிய வருவாய் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவாவதையும் அதே அறிக்கையில் சுட்டினார். இரவுப் பள்ளியை நடத்திப் பார்த்தவர் அவர். அப்படிப்பட்டவர் குழந்தைகளுக்கு ஊர்தோறும் இரவுப் பள்ளி திறக்குமாறு அரசிடம் கேட்கவில்லை. கட்டாயக் கல்வியைக் கேட்டார். கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைக்கு இரவுப் பள்ளி, வரும் தலைமுறைக்குக் கட்டாயக் கல்வி என்ற வேறுபாடு அவருடைய செயலிலேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்த வேறுபாடு மங்கியது. பதினான்கு வயதுவரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு கூறியது. 1960இல் அக்கெடு முடிந்தபோது இலக்கு தொலைவில் இருந்தது. 1964–66இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு, பள்ளியைத் தொடர முடியாதவர்க்குப் பகுதிநேரக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இடைநின்றோர், வேலைசெய்யும் குழந்தைகள், பகலில் பள்ளிக்கு வர இயலாத சிறுமியர் ஆகியோருக்கு முறைசாராக் கல்வியைப் பெருந்திட்டமாக முன்வைத்தது. அதன் தரம் முறைசார் கல்விக்கு ஒப்பாக இருக்கும் என்ற வாக்குறுதியும் அதில் இருந்தது. நடைமுறையில் அம்மையங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பெரும்பாலும் மாலையில், சிறு மதிப்பூதியம் பெற்ற ஒருவரைக் கொண்டு நடந்தன. குழந்தை ஏன் பகலில் வேலைக்குப் போகிறது என்ற கேள்வி கைவிடப்பட்டு, வேலை முடிந்தபின் அதற்கு எதைக் கற்பிக்கலாம் என்ற கேள்வி அவ்விடத்தைப் பிடித்தது.

இதை எளிதில் பழித்துவிடவும் முடியாது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியாவில், பங்கர் ராய் முதலானோர் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி 1975இல் இரவுப் பள்ளிகளைத் தொடங்கியது. அங்குப் பகலில் ஆடுமாடு மேய்த்தும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டும் வீட்டைத் தாங்கிய குழந்தைகள், சிறுமியரே மிகுதியாக, இருட்டியபின் படிக்க வந்தனர். சூரிய ஆற்றல் விளக்கின் ஒளியில் வகுப்பு நடந்தது. எழுத்தோடும் எண்ணோடும், நிலப் பதிவு, அஞ்சலகம், வங்கி, கால்நடை மருத்துவம் ஆகியனவும் பாடமாயின. இரவுப் பள்ளி மாணவர் வாக்களித்துத் தேர்ந்த குழந்தைகள் நாடாளுமன்றம், ஆசிரியர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்பன போன்ற குறைகளைப் பெரியவர்களிடம் கேள்வியாக வைத்தது. அரசுப் பள்ளி எட்டாத குழந்தையை அப்பள்ளிகள் எட்டின. அவை இல்லாதிருந்தால் அச்சிறுமியருக்கு எதுவுமே கிடைத்திராது என்ற வாதத்துக்கு வலு உண்டு.

இதற்கு நேரெதிரான நிலைப்பாட்டை அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவும் எம். வெங்கடரங்கையா அறக்கட்டளையும் எடுத்தனர். பள்ளிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே; ஒவ்வொரு குழந்தையும் முழுநேர முறைசார் பகல் பள்ளிக்கே செல்ல வேண்டும்; இதில் சமரசம் இல்லை என்பது அவர்களுடைய கொள்கை. வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட குழந்தைகளைச் சில மாதங்கள் இணைப்புப் பயிற்சி முகாமில் தங்கவைத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தனர். ஏழைப் பெற்றோர் பிள்ளையின் கூலியை இழக்க ஒப்பமாட்டார்கள் என்ற பொதுநம்பிக்கையை இப்பணி ஆட்டங்காணச் செய்தது. பெற்றோர் பலர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆயத்தமாகவே இருந்தனர். சேர்க்கைப் படிவம், வயதுச் சான்று, 'இத்தனை வயதில் முதல் வகுப்பா' என்ற ஏளனம், பாதியாண்டில் சேர்க்க மறுக்கும் தலைமையாசிரியர் ஆகியவையே குறுக்கே நின்ற தடைகள். வறுமை இருந்தது, ஆனால் பள்ளியின் கதவும் சாத்தியிருந்தது.

திலோனியாவும் ரங்காரெட்டியும் அளித்த விடைகளுள் சட்டம் இறுதியில் இரண்டாவதை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு அருகமைப் பள்ளியில் முழுநேரக் கல்வியை உரிமையாக்கியது. இதுவரை பள்ளிக்கே செல்லாத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பிற மாணவர்க்கு இணையாக வர அதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. பதினான்கு வயது கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அவ்வுரிமை நீளும் என்றும் அப்பிரிவே சொல்கிறது. ஆகவே குழந்தைகளைப் பொறுத்தவரை விவாதம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குட்பட்டோர் எல்லாத் தொழில்களிலும் வேலைசெய்வது தடைசெய்யப்பட்டது. அதே திருத்தம் ஒரு விலக்கையும் தந்தது. தீங்கற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்போ விடுமுறையிலோ, குழந்தை குடும்பத்துக்கு உதவலாம். முன்பு பகல் வேலைக்கு எனவும் மாலை படிப்புக்கு எனவும் ஒதுக்கப்பட்டது. இப்போது பகல் படிப்புக்கு, மாலை வேலைக்கு. நாளின் வரிசை மாறியதே தவிர, ஏழைக் குழந்தையின் மாலை அதனுடையதாக ஆகவில்லை. நடுத்தர வீட்டில் அதே வயதுக் குழந்தைக்கு மாலை என்பது விளையாட்டு, வீட்டுப்பாடம், தனிப்பயிற்சி. மறுநாள் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே தேர்வை எழுதுகின்றனர். கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' ஒரு செய்தியைத் தெளிவாக்கியது. மாலைக் கல்வி, பகல் பள்ளிக்கு மேல் துணையாக வரும்போது அதை எதிர்க்க வேண்டியதில்லை. பகல் பள்ளிக்கு மாற்றாக வரும்போதுதான் எதிர்க்க வேண்டும்.

இனி, பதினான்கைக் கடந்தோர். கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லை பொதுவாக எட்டாம் வகுப்போடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்கு முதல் பதினெட்டு வரையிலானோரைத் தீங்கான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. கல்வி தரும் கடமையை அரசு கைவிடும் வயதும், வேலைக்குச் செல்லும் இசைவை அரசு தரும் வயதும் ஒன்றே. ஒன்பதாம் வகுப்பில் விடுபட்ட ஒருவருக்கும், முப்பது வயதில் மீண்டும் படிக்க விழையும் பெண்ணுக்கும் எஞ்சுவது இரவுப் பள்ளி அல்லது திறந்தநிலைத் தேர்வு.

மும்பையின் இரவு உயர்நிலைப் பள்ளிகள் இதற்குத் தக்க சான்று. அவை பெரும்பாலும் எட்டு முதல் பத்துவரை வகுப்புகளைக் கொண்டவை. மாலை ஆறரை மணியளவில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடப்பவை. கடை உதவியாளர், அலுவலகப் பணியாளர், வீட்டுவேலை செய்யும் பெண், கட்டடத் தொழிலாளி ஆகியோர் அங்குப் படிக்கின்றனர். இறுதியில் அவர்கள் எழுதுவது பகல் மாணவர் எழுதும் அதே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வில் சலுகை இல்லை. பிற எல்லாவற்றிலும் குறைவு உண்டு. கட்டடம் பகல் பள்ளியினுடையது. பெஞ்சு சிறுவர்க்கு அளவானது. கரும்பலகையில் பகலில் எழுதிய பாடம் அழியாமல் இருக்கும். ஆய்வகமும் நூலகமும் பூட்டியிருக்கும். சாவி பகல் பள்ளித் தலைமையாசிரியரிடம் இருக்கும்.

மணிக்கணக்கைப் பார்த்தால் குறை துலங்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டுவரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலைநாள்களையும் 1000 கற்பித்தல் மணிகளையும் வரையறுக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு இதைவிடக் குறைவு போதும் என்று எவரும் வாதிட மாட்டார். இரவுப் பள்ளி அதே 220 நாள்களும் ஒரு மணித்துளி வீணாகாமல் நடந்தாலும் கிடைப்பது 660 மணி. மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே போய்விட்டது. தொடர்வண்டி தாமதம், முதலாளி விடாத நாள், மாதக் கடைசியின் கணக்கு முடிப்பு, பண்டிகைக் கால வியாபாரம் ஆகியவற்றை இதிலிருந்து இன்னும் கழிக்க வேண்டும். இதன்பின் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மாணவரின் ஆர்வத்தை எடைபோடுவது நேர்மையன்று.

ஆசிரியர் நிலையும் இதுவே. இரவுப் பள்ளி ஆசிரியர் பலர் பகலில் வேறு பள்ளியில் பணிபுரிந்து, மாலையில் பகுதிநேரமாகக் கற்பித்தவர்கள். 2017இல் மகாராஷ்டிர அரசு அவ்விரட்டைப் பணியை நிறுத்தியபோது, பல ஆண்டு அனுபவம் கொண்டோர் ஒரேயடியாக வெளியேற நேர்ந்தது. ஒருவர் பகலிலும் இரவிலும் உழைக்கலாகாது என்ற கொள்கையில் நியாயம் இருக்கலாம். ஆனால் இரவுப் பள்ளிக்கென்றே முழுநேர ஆசிரியரைப் போதிய அளவில் அமர்த்தும் எண்ணம் அதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகள் எவருக்கும் தோன்றவில்லை என்பதே கவலைக்குரியது.

முழுப் பள்ளியாவதற்கு என்ன வேண்டும் என்பது புதிரன்று. பத்தாம் வகுப்பை இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துப் படிக்கும் உரிமை வேண்டும். மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு பகல் பள்ளியின் ஆண்டை முடிக்கச் சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. இரவுப் பள்ளிக்கென்று முழு ஊதியம் பெறும் ஆசிரியர் வேண்டும். ஆய்வகச் சாவி வேண்டும். உணவு வேண்டும்: ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, வேலையிலிருந்து நேரே வரும் பதினாறு வயதினருக்கு மாலை ஆறரை மணிப் பசி பாடத்தைவிடப் பெரியது. பெண்கள் இரவு ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பப் பாதுகாப்பான பேருந்து வேண்டும். இவை எல்லாவற்றிலும் கடினமானது, வகுப்பு நாளில் ஊழியரை மாலை ஐந்தரைக்கு ஊதியக் குறைப்பின்றி விடுவிக்கும் கடமையை வேலையளிப்போர்மீது சட்டமாகச் சுமத்துவது. படித்த ஊழியரின் பயன் தொழிலுக்கும் கிடைக்கிறது. அதன் விலையை ஊழியரின் உறக்கம் மட்டுமே கொடுக்கலாகாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். நல்ல இரவுப் பள்ளி இருந்தால் பெற்றோர் சிறு குழந்தையையும் வேலைக்கு அனுப்பிவிட்டு அங்குச் சேர்ப்பார்கள் என்பது ஒன்று. பதினான்கு நிறையாத எவர் இரவுப் பள்ளியில் சேர வந்தாலும், அச்சேர்க்கையே 4ஆம் பிரிவின்படி பகல் பள்ளியில் சேர்ப்பதற்கான முதற்படியாக வேண்டும். அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடாமல் அருகமைப் பள்ளியில் ஒப்படைக்கும் பொறுப்பு இரவுப் பள்ளிக்கு இருக்குமானால், அது குழந்தை உழைப்பை மறைக்கும் திரையாக இராது. அதைக் கண்டுபிடிக்கும் இடமாக இருக்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளுக்கு இவ்வளவு செலவா என்பது மற்றொன்று. அரைகுறைப் பள்ளிக்கு வருவோர் குறைவதைக் காட்டி, முழுப் பள்ளிக்குத் தேவை இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி நேரத்துக்குப் பின்னும் வார இறுதியிலும் பள்ளிக் கட்டடங்களை வயதுவந்தோர் கல்விக்குப் பயன்படுத்தச் சொல்கிறது. வரவேற்கத்தக்கது. எனினும் கற்பிக்கும் பொறுப்பில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்மீது வைக்கும் பழைய வழக்கம் தொடர்கிறது. தன்னார்வத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் எர்ணாகுளத்திலும் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையிலும் எழுத்தறிவு இயக்கத்தை மக்களியக்கமாக்கியவர்கள் தன்னார்வலர்களே. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். ஆனால் எழுத்தறிந்தபின் அவர்கள் செல்வதற்கு ஒழுங்கான மாலைப் பள்ளி எத்தனை ஊர்களில் இருந்தது? இயக்கம் சில ஆண்டுகளில் ஓயும். பள்ளி ஓயக் கூடாது. இயக்கம் முடியும் இடத்தில் நிறுவனம் தொடங்க வேண்டும்.

இவ்விவாதத்தில் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்கு உண்டு. மாலை ஐந்து மணிக்குமேல் வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கும் வளாகங்கள் நாடெங்கும் உள்ளன. அவ்வளாகங்களின் சிற்றுண்டிச் சாலையிலும் விடுதிச் சமையலறையிலும் காவல் அறையிலும் பத்தாம் வகுப்பை முடிக்காத ஊழியர் பணிபுரிகின்றனர். கல்வியியல் துறையில் இடைநிற்றல் பற்றிய ஆய்வேடு தயாராகிறது; அவ்வேட்டைத் தட்டச்சு செய்பவருக்குத் தேநீர் கொண்டுவருபவர் ஒன்பதாம் வகுப்பில் இடைநின்றவராக இருக்கக் கூடும். ஒரு வளாகம் தன் ஊழியர்க்கு வாரத்தில் ஐந்து நாள், முறையான ஆசிரியரைக் கொண்டு, பணிநேரத்தில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து, மாலைப் பள்ளி நடத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணை தயாராகும்போது அந்த ஒரு மணி நேரத்துக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.